வீட்டில் எறும்புத் தொல்லையும் அதனை அடக்கும் முறைகளும்

மட்டக்களப்பு வாவிக்கும் கிழக்குக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரையில் அமைந்த கிராமம் பெரியகல்லாறு. கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம் ஆகிய அயற்கிராமங்களின் நிலமும் இத்தகையதே. எழுவான்கரையிற் குடியிருந்து, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நெல் விளைவிப்போரும், வீட்டு வளவிற் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை முதலியன பயிரிடுவோரும் இப்பகுதியில் மிகப் பலர். இவர்களுடைய வீடுகளில் ஆண்டுதோறும் தவறாது வந்து சேரும் தொல்லைகளுள் எறும்பும் ஒன்று.

ஐப்பசி மாதத்தின் பின் வடகீழ்ப் பருவமழை வலுக்கும்போது, மணலின் கீழுள்ள நீர்மட்டம் விரைந்து உயரும். நிலத்தடியிலுள்ள எறும்புக் கூடுகள் நனையும். உடனே எறும்புகள் தம் முட்டைகளையும் புழுக்களையும் வாயிற் கவ்விக்கொண்டு மேடு தேடிப் புறப்படும். வளவில் அவற்றிற்கு எட்டும் மேடு வீட்டின் அத்திவாரமும் சுவரும் கூரையுமே. 2011ஆம் ஆண்டு தை மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டம் கண்டது போன்ற பெருவெள்ள காலங்களில், மனிதர் ஏறிநிற்கும் திண்ணையிலேயே எறும்பும் ஏறிநிற்கும். கடுங்கோடையிலோ, இதற்கு மாறாக, ஈரத்தை நாடி அவை நீர்க்குடத்தடிக்கும் அடுக்களைக்கும் வரும். ஆகவே எறும்பு வீட்டிற்குள் வருவதற்குக் காரணம் மூன்று: உணவு, நீர், உறைவிடம். இம்மூன்றையும் மனத்திற் கொண்டே தடுப்பு முறைகளை வகுத்தல் வேண்டும்.

சீனி, பனங்கட்டி, தேங்காய், கருவாடு ஆகியவற்றை எறும்பு கெடுப்பது சிறு நட்டம். ஏணையிற் கிடக்கும் குழந்தையைக் கடிப்பதும், அடைவைத்த முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சைக் கொல்வதும் அதனினும் பெரிய தீங்கு. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தீங்கு, எறும்பைக் கொல்லும் பொருட்டு வயலுக்கு வாங்கிய நஞ்சை வீட்டினுள் தெளிப்பதனால் விளைவதாகும். அவ்வாறு தெளிப்பது ஆபத்தானது மட்டுமன்று, பயனற்றதுமாகும். அதன் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு எறும்பின் வாழ்க்கையைச் சிறிது அறிதல் வேண்டும்.

எறும்பின் வாழ்க்கை

எறும்பு தனித்து வாழும் பூச்சியன்று. ஒரு கூட்டில் முட்டையிடும் இராணி ஒன்றோ பலவோ இருக்கும். ஏனையவற்றுட் பெரும்பாலானவை இறகற்ற வேலைக்கார எறும்புகள். இவை யாவும் பெண்ணினத்தைச் சேர்ந்தவை. சாதாரணமாகக் கூட்டைப் பெருக்கும் முட்டைகளை இடாதவை. ஆண் எறும்புகள் இனப்பெருக்க காலத்தில் மட்டுமே தோன்றி, புணர்ச்சிக்குப்பின் இறந்துவிடும். முட்டையிலிருந்து காலற்ற வெண்புழு வெளிவரும். புழு கூட்டுப்புழுவாகி, அதன்பின் எறும்பாகும். வீடுகளிற் காணப்படும் மிகச் சிறிய வகைகளுள் ஒன்றான பார்வோன் எறும்பு, முட்டை நிலையிலிருந்து வளர்ந்த எறும்பாவதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் செல்லும்.

அடுக்களைச் சுவரில் வரிசையாகச் செல்லும் எறும்புகள் உணவு தேடப் புறப்பட்ட வேலைக்காரரே. கூட்டிலுள்ள மொத்த எறும்புகளுள் இவை ஒரு சிறு பகுதியே. இராணியும் புழுக்களும் சுவரின் வெடிப்பினுள்ளோ, தரையின் கீழோ, பழைய பலகை இடுக்கிலோ மறைந்திருக்கும். சுவரிற் கண்ட எறும்புகளை நூறாகக் கொன்றாலும் இராணி உயிரோடிருக்கும்வரை அந்த இழப்பு விரைவில் ஈடுசெய்யப்படும். வயலிற் புல்லின் தலையை மட்டும் அரிந்து, கிழங்கை மண்ணில் விட்டுவைப்பது போன்றதே இதுவும்.

எறும்பு வரிசை பிசகாது செல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உணவைக் கண்ட எறும்பு கூட்டிற்குத் திரும்பும்போது, தன் வயிற்றின் நுனியிலிருந்து மணமுள்ள நுண்ணிய நீர்மம் ஒன்றைத் தரையிற் பூசிச் செல்லும். பின்வரும் எறும்புகள் அம்மணத்தை உணர்கொம்புகளால் முகர்ந்து வழியறியும். இம்மணத்தை உண்டாக்கும் சுரப்பி நெருப்பெறும்பின் உடலில் எங்குள்ளது என்பதை அமெரிக்க அறிஞர் எட்வேட் வில்சன் 1959ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டார். எறும்பைத் துணியால் நசுக்கிவிட்டு வழியைக் கழுவாது விட்டால், மறுநாளும் அதே வழியில் வேறு எறும்புகள் வருவது இதனாலேயாம்.

இன்னுமொரு செய்தி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. வளர்ந்த எறும்பு திண்மமான உணவை விழுங்கமாட்டாது. அது நீர்மத்தையே அருந்தும். திண்ம உணவைக் கூட்டிற்குக் கொண்டுசென்று புழுக்களுக்கு ஊட்டும். அருந்திய நீர்மத்தைத் தன் வயிற்றின் ஒரு பையிற் சேர்த்துச் சென்று, கூட்டிலுள்ள ஏனைய எறும்புகளுக்கும் இராணிக்கும் வாயோடு வாய் வைத்துப் பகிர்ந்தளிக்கும். இப்பழக்கமே எறும்பின் பலம். அதனை அடக்க விரும்புவோர்க்கு வாய்ப்பளிப்பதும் இதுவே. மெல்ல வேலைசெய்யும் மருந்தை உணவிற் கலந்து கொடுத்தால், எறும்புகள் தாமாகவே அதனை இராணியிடம் கொண்டு சேர்க்கும்.

வீட்டிலும் வளவிலும் காணப்படும் வகைகள்

எல்லா எறும்புகளும் ஒரே தன்மையுடையன அல்ல. எவ்வகை எறும்பு என அறிந்தபின் செயற்படுதல் நன்று.

பார்வோன் எறும்பு: ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளமுள்ளது, மஞ்சள் கலந்த பழுப்பு நிறமானது. சுவர் வெடிப்பு, மின்கம்பிக் குழாய், பெட்டி இடுக்கு ஆகியவற்றில் கூடு கட்டும். ஒரு கூட்டிற் பல இராணிகள் இருக்கும். மேல்நாடுகளில் வைத்தியசாலைகளிற் புகுந்து நோய்க்கிருமிகளைப் பரப்பும் எறும்பெனப் பெயர்பெற்றது இதுவே.

கருந்தலைச் சிற்றெறும்பு: பார்வோன் எறும்பினும் சிறியது. தலை கறுத்தும் வயிறு வெளிறியும் இருக்கும். வெண்ணிறத் தரையில் ஓடும்போது தலை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். இனிப்பை மிக விரும்பும்.

ஓட்டெறும்பு: நீண்ட கால்களையுடைய கருநிற எறும்பு. நேராகச் செல்லாது, திசைமாறி அங்குமிங்கும் விரைந்தோடும். மனிதரைத் துன்புறுத்துவது அரிது.

நெருப்பெறும்பு: 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை நீளமுள்ள செந்நிற எறும்பு. சிலவற்றின் தலை உடலுக்குப் பொருந்தாவண்ணம் பெரிதாயிருக்கும். வெயில்படும் மணலிற் கூடு கட்டும். தாடையாற் கடித்துப் பிடித்துக்கொண்டு, வயிற்று நுனியிலுள்ள கொடுக்கினாற் குத்தி நஞ்சேற்றும். எண்ணெய்ப்பசையுள்ள உணவு, இறைச்சி, மீன் ஆகியவற்றோடு விதைகளையும் விரும்பும். நாற்றுமேடையிலிட்ட சிறு விதைகளைக் கவர்ந்து செல்வதும் கோழிக்குஞ்சுகளைத் தாக்குவதும் இதுவே. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, கப்பல் வாணிபத்தின் வழியே உலகின் வெப்பநாடுகளெங்கும் பரவிய எறும்பு இது.

முசுறு: மாமரத்தில் இலைகளைப் பட்டுப்போன்ற நூலாற் பிணைத்துக் கூடு கட்டும் செந்நிறப் பெரிய எறும்பு. கடி வலியுடையதாயினும், இது பயிரின் நண்பன் என்பது பின்னர்க் கூறப்படும்.

கறையானைச் சிலர் வெள்ளை எறும்பு என்பர். அது எறும்பினத்தைச் சேர்ந்ததன்று. எறும்பின் இடை ஒடுங்கியும் உணர்கொம்பு முழங்கைபோல் வளைந்தும் இருக்கும். கறையானின் இடை ஒடுங்குவதில்லை, உணர்கொம்பும் வளைவதில்லை. மழைக்குப்பின் விளக்கை நாடிவரும் ஈசலின் நான்கு இறகுகளும் ஒரே அளவாயிருப்பின் அது கறையானாகும். முன்னிறகு பெரிதாயும் பின்னிறகு சிறிதாயும் இருப்பின் அது எறும்பாகும். கறையானை அடக்கும் முறைகள் வேறு; இங்கே கூறப்படுவன அதற்குப் பொருந்தமாட்டா.

வயலின் நஞ்சை வீட்டினுட் கொண்டுவரலாகாது

கமக்காரர் வீட்டில் தெளிகருவியும் பூச்சிகொல்லிப் போத்தலும் பெரும்பாலும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கின்றன. எறும்பைக் கண்டதும் நெல்லுக்கு வாங்கிய மருந்திற் சிறிது கலந்து சுவரிலும் அடுக்களையிலும் தெளிக்கும் வழக்கம் இதனால் உண்டாகிறது. இலங்கையில் 1946ஆம் ஆண்டு முதல் மலேரியாவை ஒழிக்கும் பொருட்டு வீட்டுச் சுவர்களில் டீ.டீ.ற்றி. தெளிக்கப்பட்டதைப் பெரியோர் கண்டிருந்தனர். சுவரில் மருந்தடிப்பது தீங்கற்றது என்ற எண்ணம் பலரிடம் நிலைத்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். அவ்வெண்ணம் தவறானது.

முதலாவதாக, வயலுக்குரிய மருந்து திறந்த வெளியில், காற்றும் வெயிலும் மழையும் உள்ள இடத்திற் பயன்படுத்துவதற்கென ஆக்கப்பட்டது. மூடிய வீட்டினுள் அது சுவரிலும் பாயிலும் பாத்திரத்திலும் படிந்து நெடுநாள் தங்கும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது நஞ்சும் உடன் செல்லும்.

இரண்டாவதாக, விரைந்து கொல்லும் மருந்து கூட்டைச் சென்றடையாது. மருந்து பட்ட எறும்பு வழியிலேயே இறந்துவிடும். பார்வோன் எறும்பு போன்ற பல இராணிகளையுடைய வகைகளில் நிலைமை மேலும் கெடும். மருந்தின் தாக்கத்தை உணர்ந்ததும் கூடு பல பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் ஓர் இராணியையும் சில புழுக்களையும் கொண்டு வெவ்வேறு இடத்திற் குடியேறும். ஓர் அறையில் ஒரு கூடு இருந்த வீட்டில், சில வாரங்களின் பின் நான்கு அறைகளில் நான்கு கூடுகள் இருக்கக் காணலாம். மருந்தடித்தவர் எறும்பு பெருகிவிட்டதென மேலும் மருந்தடிப்பார். எறும்பும் மேலும் பிரியும்.

மூன்றாவதாக, பெருஞ்செலவில் மருந்தடித்தும் எறும்பு ஒழியவில்லை என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில், தென்னமெரிக்காவிலிருந்து வந்து பரவிய நெருப்பெறும்பை ஒழிக்கும் பொருட்டு, 1957ஆம் ஆண்டில் அந்நாட்டு விவசாயத் திணைக்களம் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. டீல்ட்ரின், ஹெப்டகுளோர் என்னும் நஞ்சுகள் பரந்த நிலப்பரப்பில் வானூர்தியாலும் தூவப்பட்டன. பறவைகளும் காட்டுயிர்களும் பெருமளவில் மடிந்தன. நெருப்பெறும்போ இன்றும் அந்நிலங்களில் வாழ்கிறது. 1962ஆம் ஆண்டில் றேச்சல் கார்சன் எழுதிய நூலில் இவ்வரலாறு விரிவாக எடுத்துக்காட்டப்பட்டது. டீல்ட்ரின், ஹெப்டகுளோர், அல்ட்ரின், குளோர்டேன், டீ.டீ.ற்றி. ஆகிய யாவும் 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்படவோ கட்டுப்படுத்தப்படவோ வேண்டிய நஞ்சுகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், ஒவ்வொரு பீடைகொல்லியும் பதிவுசெய்யப்பட்ட பின்னரே விற்கப்படலாம். எப்பயிருக்கு, எவ்வளவு, எம்முறையில் என்பது சிட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். மனித உயிருக்குப் பேராபத்து விளைத்தமையால் மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியன 1995ஆம் ஆண்டிலும் எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டிலும் நிறுத்தப்பட்டன. நெல்லுக்கென்று சிட்டையிற் குறித்த மருந்து நெல்லுக்கே உரியது. பழைய போத்தலில் மீந்த பெயர் தெரியாத மருந்தை எறும்புக்கென எடுப்பது ஒருபோதும் கூடாது. வெறும் மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றி வைத்தலும் ஆகாது.

பாடசாலைச் சோக்கட்டியைப் போன்ற உருவில் விற்கப்படும் எறும்புச் சோக்கையும் விலக்குதல் வேண்டும். அதில் இருப்பது பூச்சிகொல்லியே. சிறுவர் அதனை எழுதுகோலென எண்ணிக் கையாளக்கூடும். சிலர் வாயிலும் வைக்கக்கூடும்.

வராமற் காக்கும் முறைகள்

1. உணவை மறைத்தல். சீனி, பனங்கட்டி, பால்மா ஆகியவற்றை இறுகிய மூடியுள்ள போத்தலில் வைத்து, போத்தலின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். உள்ளே சீனி பத்திரமாயிருப்பினும், வெளியே ஒட்டியிருக்கும் சில மணிகளே எறும்பை அழைத்துவிடும். துருவிய தேங்காய்ச் சிரட்டை, மீன் கழிவு, பழத்தோல் ஆகியவற்றை இரவில் அடுக்களையில் விட்டுவைக்காது, வளவிலுள்ள கூட்டெருக் குழியில் இட்டு மண்ணால் மூடுக. அம்மி, குழவி, திருவலை ஆகியவற்றை மாலையிலேயே கழுவி வைத்தல் நன்று.

2. வழியைக் கழுவுதல். எறும்பு வரிசை கண்டவிடத்துச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் வழி முழுவதையும் துடைக்க வேண்டும். சவர்க்கார நீர் அங்குள்ள எறும்பைக் கொல்வதோடு வழிகாட்டும் மணத்தையும் அகற்றும். வினாகிரியை இருபங்கு நீரிற் கலந்தும் துடைக்கலாம்.

3. வாயிலை அடைத்தல். துடைக்குமுன் வரிசையைப் பின்தொடர்ந்து சென்று, அது எவ்வெடிப்பிலிருந்து வெளிவருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவ்வெடிப்பைச் சீமெந்தாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ அடைத்தல் நன்று. மண்சுவராயின் பிசைந்த களிமண்ணும் சாணமும் போதும். இவ்வேலையை மழைக்குமுன், புரட்டாதி மாதத்திலேயே முடித்துக்கொள்ளுதல் சிறந்தது.

4. பாலத்தை வெட்டுதல். கூரையைத் தொடும் மாங்கிளை, முருங்கைக்கிளை, தென்னோலை ஆகியன எறும்புக்குப் பாலமாகும். அவற்றை வெட்டிவிடுக. சுவரோடு சேர்த்து விறகு, கிடுகு, பழைய ஓடு ஆகியவற்றை அடுக்கி வைத்தல் கூடாது.

5. நீர்த்தடை. உணவு அலுமாரியின் கால்களைச் சிரட்டையிலோ கிண்ணத்திலோ நிறுத்தி நீர் விடுவது முன்னோர் கண்ட நல்ல முறை. நீரிற் சில துளி சவர்க்காரக் கரைசல் சேர்த்தால், எறும்பு நீரின் மேற்பரப்பில் நடக்கமாட்டாது அமிழ்ந்துவிடும். எனினும் இக்கிண்ணங்களில் ஓர் ஆபத்து உண்டு. டெங்கு நுளம்பு முட்டையிடும் இடங்களுள் எறும்புக் கிண்ணமும் ஒன்று. இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மட்டும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். ஆகவே வாரத்திற்கு இருமுறை நீரைக் கொட்டி, கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிய பின்னரே புதுநீர் விடுதல் வேண்டும். இதற்கு வசதியில்லாதோர் நீருக்குப் பதிலாகக் கிண்ணத்தில் உலர்ந்த அடுப்புச் சாம்பலை நிரப்பலாம். சாம்பல் நனைந்தால் மாற்றுதல் வேண்டும்.

6. ஏணையும் கோழிக்கூடும். ஏணை கட்டிய கயிற்றின் மேற்பகுதியில், ஒரு சாண் நீளத்திற்குத் துணி சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் எறும்பு இறங்குவது குறையும். எண்ணெய் காய்ந்ததும் மீண்டும் தடவுக. பால் குடித்த குழந்தையின் வாயையும் கழுத்தையும் துடைத்த பின்னரே ஏணையில் இடுதல் வேண்டும். அடைக்கோழிப் பெட்டியைத் தரையில் வைக்காது, நீர்க்கிண்ணத்தில் நிறுத்திய கால்களையுடைய பலகையின்மேல் வைத்தல் வேண்டும். குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரும் நாளிலேயே நெருப்பெறும்பு மிகுதியாகத் தாக்கும்.

மருந்திட்ட இரை வைத்தல்

மேற்கூறிய முறைகளால் அடங்காத எறும்பை இரை வைத்தே அடக்கல் வேண்டும். இதற்கு உகந்தது மருந்துக்கடைகளிற் கிடைக்கும் போரிக் அமிலம் என்னும் வெண்தூள்.

கொதிக்கவைத்து ஆறிய நீர் 500 மில்லிலீற்றரில் சீனி 50 கிராமும், அதாவது மேசைக்கரண்டி நான்கும், போரிக் அமிலம் 5 கிராமும், அதாவது தட்டிய தேக்கரண்டி ஏறக்குறைய ஒன்றும், இட்டு நன்கு கரைக்க வேண்டும். இக்கரைசலில் மருந்தின் அளவு நூற்றுக்கு ஒரு பங்கு. மருந்தைக் கூட்டினால் விரைவில் வேலைசெய்யும் என எண்ணுதல் தவறு. மிகுதியாக இட்டால் எறும்பு உண்ண மறுக்கும். உண்டாலும் கூட்டையடையுமுன் இறந்துவிடும். குறைந்த அளவே இராணிவரை செல்லும்.

மூடியுள்ள சிறிய பிளாத்திக்குப் போத்தலின் மேற்பக்கத்தில் ஊசியாற் சில துளைகளிட்டு, உள்ளே கரைசலில் நனைத்த பஞ்சை வைத்து, எறும்பு வெளிவரும் வெடிப்பின் அருகில், குழந்தைகளுக்கும் கோழி, ஆடு, நாய் ஆகியவற்றிற்கும் எட்டாதவாறு கட்டிவைக்க வேண்டும். உணவுப் பாத்திரங்களின் அருகில் வைத்தல் கூடாது.

முதலிரு நாட்களில் எறும்புகள் முன்னிலும் மிகுதியாக வந்து மொய்க்கும். இதனைக் கண்டு மனந்தளர்ந்து அவற்றைக் கொல்லலாகாது. அவை மருந்தைக் கூட்டிற்குச் சுமந்து செல்கின்றன. இக்காலத்தில் இரைக்குச் செல்லும் வழியைச் சவர்க்கார நீராற் கழுவுதலும் மருந்தடித்தலும் ஆகா. அடுக்களைத் தட்டுகளைத் துடைக்கலாம். இரை வைத்த சுவரடியை மட்டும் அவ்வாறே விட்டுவிடுதல் வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, புளித்த கரைசலை அகற்றிப் புதிது வைத்து, மூன்று அல்லது நான்கு வாரம் தொடர்ந்து செய்தால் எறும்பு குறையும். கூட்டிலிருந்த புழுக்கள் வளர்ந்து வெளிவருவதற்குப் பல வாரங்கள் செல்லுமாதலின், ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டால் பயனில்லை.

சில எறும்புகள் இனிப்பை நாடா. ஒரு சிறு பலகையில் சீனிக்கரைசல் ஒரு துளியும் தேங்காயெண்ணெய் ஒரு துளியும் இட்டு வைத்து, எதனை நாடுகின்றன என்று முதலிற் பார்த்தறிதல் நன்று. எண்ணெயை மட்டுமே நாடும் எறும்புக்குச் சீனி இரையாற் பயனில்லை.

போரிக் அமிலமும் நஞ்சே. சிறுகுழந்தை விழுங்கினாற் பெருந்தீங்கு நேரும். மீந்த தூளையும் கரைசலையும் பெயரெழுதி, பூட்டுள்ள பெட்டியில் வைத்தல் வேண்டும். கலக்கும் கரண்டியை மீண்டும் சமையலுக்கு எடுத்தலாகாது. கையுறை அணிந்து கலந்து, பின்னர் கைகளைக் கழுவுக. கருவுற்ற பெண்கள் இதனைக் கையாளாதிருத்தல் நன்று.

முற்றத்துக் கூடும் நாற்றுமேடையும்

முற்றத்திலுள்ள நெருப்பெறும்புக் கூட்டிற்குக் கொதிநீரே எளிய மருந்து. வெயில் ஏறுமுன் காலைவேளையில், கூட்டைக் கிளறாது, ஏறக்குறைய 10 லீற்றர் கொதிநீரை மெல்ல ஊற்றல் வேண்டும். ஒருமுறையிற் கூடு அழியாதிருக்கலாம். சில நாட்களின்பின் மீண்டும் ஊற்றுக. பயிரின் வேரருகிலுள்ள கூட்டிற்கு இதனைச் செய்யலாகாது; பயிரும் வெந்துவிடும். சிறுவரை அப்பாற் போகச்சொல்லிவிட்டே கொதிநீரைத் தூக்குதல் வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றித் தீயிடுவது வீட்டிற்கும் வேலிக்கும் ஆபத்து. மண்ணையும் கிணற்றுநீரையும் கெடுக்கும். மணற்றரையில் ஊற்றியது எதுவும் விரைவிற் கிணற்றையடையும் என்பதை எழுவான்கரையார் மறத்தலாகாது.

கத்தரி, மிளகாய் நாற்றுமேடையின்மேல் வைக்கோலையும் உமியையும் மாறிமாறிப் பரப்பி எரிப்பது நாற்றழுகல் நோயைத் தடுக்கும் முறை. மேல்மண்ணிலுள்ள எறும்புகளையும் அது அகற்றும். விதையிட்டபின் மண்ணால் நன்கு மூடி, வைக்கோல் பரப்பி, ஈரம் குன்றாது காத்தல் வேண்டும். பயற்றை, வெண்டி ஆகியவற்றின் தண்டில் எறும்பு ஏறியிறங்கக் கண்டால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே அழுக்கணவன் போன்ற சாறுறிஞ்சும் பூச்சிகள் இருக்கும். அவை கழிக்கும் இனிய நீரை எறும்பு அருந்தி, பதிலாக அவற்றை இரைகொல்லும் பூச்சிகளிடமிருந்து காக்கும். இங்கே எறும்பு நோயன்று, நோயின் அறிகுறி. அழுக்கணவனை அகற்றினால் எறும்பும் அகலும்.

மாமரத்து முசுறு அவ்வாறன்று. அது பல தீய பூச்சிகளைப் பிடித்துண்ணும். கி.பி. 304ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டதெனக் கருதப்படும் சீன நூல் ஒன்று, தோடை இனப் பழமரங்களைக் காக்கும் பொருட்டு முசுறுக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டமையைக் குறிப்பிடுகிறது. வீட்டைத் தொடாத மரத்திலுள்ள முசுறை விட்டுவைத்தலே இலாபம்.

விதைநெல்லும் எறும்பும்

பெரும்போக அறுவடையின்பின் மாசி, பங்குனியிற் சேமிக்கும் விதைநெல் ஐப்பசி விதைப்புவரை வீட்டிலேயே இருக்கிறது. நன்கு உலர்ந்த, முழுமையான நெல்லை எறும்பு பெரிதும் நாடுவதில்லை. உடைந்த மணியும், மணியைத் துளைக்கும் வண்டின் புழுவுமே அதனை ஈர்க்கும். ஆகவே நெல்மூடையில் எறும்பு கண்டால் உள்ளே வண்டு விழுந்திருக்கிறதா என்று உடனே பார்த்தல் வேண்டும். விதைநெல்லை ஈரப்பதன் நூற்றுக்கு 13 அளவிற்குக் குறையுமாறு உலர்த்தி, பதர் தூற்றி, சுவரைத் தொடாவண்ணம் பலகைமேல் அடுக்கி, பலகையின் கால்களைச் சாம்பற் கிண்ணத்தில் நிறுத்தினால் வண்டும் எறும்பும் குறையும். உண்ணும் நெல்லில் எந்த நஞ்சுத்தூளையும் கலத்தலாகாது.

கடிக்கு முதலுதவி

எறும்பு கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் குளிர்ந்த நீராற் கழுவி, ஈரத்துணி வைத்தால் வலி தணியும். நெருப்பெறும்பு குத்திய இடத்தில் உண்டாகும் கொப்புளத்தை உடைத்தல் கூடாது. சிலர்க்கு முகம், உதடு வீங்குதல், உடலெங்கும் தடித்தல், மூச்சடைத்தல், மயக்கம் ஆகியன தோன்றலாம். அத்தகையோரைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி வரும். நஞ்சு தெளித்த வீட்டில் எவர்க்கேனும் வாந்தி, மிகுந்த வியர்வை, கண் மங்கல் தோன்றினும் இவ்வாறே செய்து, மருந்துப் போத்தலையும் சிட்டையோடு எடுத்துச் செல்க.

சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டால் அதனையும் அசட்டை செய்யலாகாது. சலரோகத்தின் அறிகுறியாக இதனைப் பண்டைய வைத்தியரும் அறிந்திருந்தனர். அத்தகையோர் இரத்தத்திற் சீனியின் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

முடிவாக அறியவேண்டுவன

எறும்பை ஒரேநாளில் ஒழிக்கும் மருந்து இல்லை. மழைக்குமுன் வெடிப்பை அடைப்பதும், அன்றாடம் உணவை மூடி வழியைக் கழுவுவதும், மீறி வந்ததற்கு நூற்றுக்கு ஒரு பங்கு இரையைப் பொறுமையாக வைப்பதுமே வழி. இவற்றிற்கான செலவு ஒரு போத்தல் பூச்சிகொல்லியின் விலையினும் குறைவு. வயலின் மருந்து பூட்டிய பெட்டியிலிருந்து வயலுக்கே செல்லவேண்டும், அடுக்களைக்கு அன்று. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ நாடலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.